அக்கரைக்குப் போன பட்டம்

நவம்பர் 26, தாழங்கரை

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேர்ந்தோம். சிறிய ஊர். தெற்கே ஆறு, வடக்கே பெரிய வடிகால். நடுவே ஒரு மேட்டில் உயர்நிலைப் பள்ளியும் சிவன் கோயிலும் இருக்கின்றன. பள்ளத்தில் வயல்களும் கீழத்தெருவும். ஆற்றின் மேல் ஒரு பழைய செங்கல் பாலம். அதில் ஏறும் முன் எங்கள் டிரைவர் கோலப்பன் அண்ணாச்சி பேருந்தை நிறுத்தி, இறங்கிப் போய், பாலத்தைச் செருப்புக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு என்னை நடந்து வரச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் ஓட்டிக்கொண்டு போனார். உச்சி வெயிலில் புழுதியில் நடந்தேன். இந்த மனிதரோடு இன்னும் எத்தனை ஊர் சுற்றுவது என்று நினைத்துக்கொண்டேன். நாகர்கோவில்காரர். குறட்டை விடுவார். எனக்குப் பிடிக்காத அவியலைத்தான் வாரத்துக்கு மூன்று முறை சமைப்பார்.

டாக்டரம்மா சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். மனதில் தோன்றுவதை எழுதுங்கள் சுகிர்தா என்றார். எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. அன்றன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன்.

நவம்பர் 27

காலையில் திறந்தோம். நல்ல கூட்டம்.

அருங்காட்சியகம் ஊர் ஊராக அனுப்பும் எங்கள் கண்காட்சிப் பேருந்தின் பக்கவாட்டில் "நெருப்பு முதல் ரேடியோ வரை" என்று மஞ்சள் எழுத்தில் எழுதியிருக்கும். இருக்கைகளை எல்லாம் எடுத்துவிட்டு, இடது பக்கம் பழங்காலத்துக் கண்டுபிடிப்புகளையும் வலது பக்கம் புதுக்காலத்துக் கண்டுபிடிப்புகளையும் வைத்திருக்கிறோம். முன் படியில் ஏறினால் சிக்கிமுக்கிக் கல், சக்கரம், கலப்பை, காகிதம், பட்டம், திசைகாட்டி, அச்சு எழுத்து. பின்னால் போய்த் திரும்பினால் தொலைநோக்கி, ஆவி இயந்திரம், தந்தி, டைனமோ, ரேடியோ. ஒரு ஆள் மெதுவாக நடந்தால் ஆயிரக்கணக்கான வருஷத்தைக் கடந்துவிட்டு மறுபடி முன் படியிலேயே இறங்கி வீட்டுக்குப் போகலாம்.

கூட்டம் மொய்ப்பது வெளியில் நிறுத்தியிருக்கும் கப்பியிடம்தான். இரும்புச் சட்டத்தில் கூட்டுக் கப்பியைத் தொங்கவிட்டு அதில் ஒரு நெல் மூட்டையைக் கட்டிவைப்போம். யாரும் ஒரே கையால் இழுத்துத் தூக்கிவிடலாம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கிரேக்க நாட்டில் ஆர்க்கிமிடீஸ் என்பவர் இதுபோன்ற கப்பிகளை வைத்து ஒரு கப்பலையே இழுத்ததாகச் சொல்கிறார்கள் என்று நான் மனப்பாடமாகச் சொல்வேன். இன்று ஒல்லியான ஒரு கிழவர் மூட்டையைத் தூக்கிவிட்டு, தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

மாலையில் கீழத்தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் அன்னக்கொடி. நிறைமாதம். படியேற முடியாமல் ஏறி, ஒவ்வொன்றாக நின்று நின்று பார்த்தாள். கேள்வி மேல் கேள்வி. காந்த ஊசி ஏன் வடக்கே பார்க்கிறது, ரேடியோவுக்குள் இருக்கும் குரல் எந்த வழியாக வருகிறது என்றெல்லாம் கேட்டாள். கெட்டிக்காரி. கடைசியில், "ஒங்களுக்கு எத்தனை புள்ளைங்க டீச்சர்?" என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவருக்குத் தொலைநோக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லப் போனேன்.

நவம்பர் 28

காலையிலிருந்து மழை. பிள்ளைகள் வாழை இலையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அன்னக்கொடி மறுபடியும் வந்தாள், கணவன் செல்லையனையும் அழைத்துக்கொண்டு. அவன் கூச்சப்பட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றான். அவள் அவனைப் பிடித்து இழுத்து வந்து டைனமோவைச் சுற்றச் சொன்னாள். பல்பு எரிந்ததும் அவன் சுற்றுவதை நிறுத்த மறந்துவிட்டான். தங்கள் தெருவில் இன்னும் கரண்டு வரவில்லை என்று அவள் சொன்னாள்.

நான் பேருந்தின் பின்பக்கம் போய்ச் சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி வந்து, அந்தப் பெண் என்னைத் தேடுகிறாள் என்றார். வேலை இருக்கிறது என்றேன். அவரே போய் அவளுக்கு அச்சு எழுத்தைக் காட்டினார். அவருக்குத் தெரிந்த அளவில், பாதி தப்பாகச் சொன்னார். நான் திருத்தவில்லை.

நவம்பர் 29

மழை. யாரும் வரவில்லை. தேதி இருபத்தொன்பது. சாப்பிடப் பிடிக்கவில்லை. வேறு ஒன்றுமில்லை.

அண்ணாச்சி கேட்காமலே ரசம் வைத்துக் கொடுத்தார்.

நவம்பர் 30

விடியும்போதே காற்று. புயல் கரையைக் கடக்கப் போகிறது என்று எங்கள் கண்காட்சி ரேடியோவில்தான் ஊரே கேட்டது. கீழத்தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்தோம். ஆடு, கோழி, அம்மிக்கல், சாமி படம் எல்லாம் வந்தன. கன்றுக்குட்டியைப் பத்தாம் வகுப்பில் கட்டினார்கள்.

அன்னக்கொடிக்குக் காலையிலேயே இடுப்பு வலி கண்டது. ஊரில் பிரசவம் பார்க்கிறவர் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். செல்லையன், அக்கரையில் துணைச் சுகாதார நிலையத்தில் இருக்கும் நர்ஸ் சகாயமேரியை அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் பாலத்தைத் தாண்டி ஓடினான். மதியத்துக்கு மேல் பெரிய சத்தம் கேட்டது. மரம் விழுந்ததென்று நினைத்தோம். போய்ப் பார்த்தால் பாலம் இல்லை. இரண்டு கரையிலும் கொஞ்சம் செங்கல் நீட்டிக்கொண்டிருந்தது. நடுவே முழுக்கச் செந்நிறத் தண்ணீர், வேரோடு மரங்கள், ஒரு வீட்டின் கூரை.

அக்கரையில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் செல்லையன். பக்கத்தில் வெள்ளைப் புடவை. குடையைப் பிடிக்கும் முயற்சியை அந்தம்மா கைவிட்டிருந்தார்.

டிசம்பர் 1

இதை மறுநாள் காலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத நிறைய இருக்கிறது.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. காற்று விடவில்லை. வடிகால் உடைத்துக்கொண்டு வடக்குச் சாலையும் போய்விட்டது. தபாலாபீஸ் தொலைபேசி செத்துப்போயிருந்தது. பள்ளிக்கூடம் ஒரு தீவில் நின்றது. அன்னக்கொடிக்கு வலி வந்து வந்து போனது. பிள்ளை இறங்கவில்லை. அவள் மாமியார் ஐந்து பிள்ளை பெற்றவர். வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்து என்னிடம், தலை மேலே இருக்கிறது டீச்சர், கால் பக்கமாக வருகிறது, இது எனக்குத் தெரியாத வேலை என்றார். அவர் கை என் கையைப் பிடித்திருந்தது. நான் ஏன் அந்த நேரத்தில் அந்த வாசலில் நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. போய்விடத்தான் நினைத்தேன்.

ஆற்றங்கரைக்கு வந்தேன். ஊர் ஆண்கள் அங்கே கூடியிருந்தார்கள். ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நீந்தப் பார்த்திருக்கிறார். சிறிது தூரத்தில் ஒரு மரம் அவரை அடித்துக்கொண்டு போய்விட்டது. கயிறு இருந்ததால் இழுத்துப் போட்டார்கள். தோள்பட்டை நழுவி உட்கார்ந்திருந்தார். கயிற்றில் கல்லைக் கட்டி எறிந்தும் பார்த்தார்கள். எறிந்தவை எல்லாம் பாதி ஆற்றிலேயே விழுந்தன. அக்கரையில் செல்லையன் நின்ற இடத்திலேயே நின்றான். நர்ஸ் ஒரு கல்லின் மேல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என் முந்தானை முகத்துக்கு முன்னால் பறந்துகொண்டேயிருந்தது. அதை இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டிருந்தேன். பிறகுதான் கவனித்தேன், அது அக்கரையைப் பார்த்துப் பறந்தது. காற்று வடக்கிலிருந்து நேராக ஆற்றின் குறுக்கே வீசியது.

பேருந்தில் பட்டத்துக்குக் கீழே ஒரு அட்டை உண்டு. தினமும் நான் வாசிக்கும் அட்டை. சீனத்துக்காரர்கள் பட்டம் செய்த கதை முதலில் இருக்கும். அதற்குக் கீழே சிறிய எழுத்தில், அமெரிக்காவில் ஒரு பெரிய அருவிக்கருகே பள்ளத்தாக்கின் குறுக்கே தொங்கு பாலம் கட்டியபோது முதல் நூலைக் கொண்டுபோனது ஒரு பட்டம் என்று இருக்கும். நூலில் கயிறு, கயிற்றில் வடம், வடத்தில் பாலம். எத்தனை ஊரில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். சொல்லும்போது ஒரு நாளும் அந்தப் பள்ளத்தாக்கை நினைத்துப் பார்த்ததில்லை.

அண்ணாச்சியிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"பட்டம் உட்டா பிள்ள பெறந்திருமாம்மா?"

"பட்டம் நூலக் கொண்டு போகும் அண்ணாச்சி. நூல் கயித்தக் கொண்டு போகும். கயித்துல நர்ஸம்மா வருவாக."

அவர் ஆற்றைப் பார்த்தார். பிறகு மரத்தின் உச்சியைப் பார்த்தார். நேராகப் பேருந்துக்குள் போய், சாமான்களை மூடிவைக்கும் பிளாஸ்டிக் தாளைக் கத்தியால் கிழிக்கத் தொடங்கினார்.

கண்ணாடிப் பெட்டியிலிருந்த காகிதப் பட்டம் எதற்கும் ஆகாது. மூங்கிலைச் சீவி, ஆள் உயரத்துக்கு ஒரு பட்டம் செய்தோம். யாரோ பழைய வேட்டியைக் கிழித்து வால் கட்டினார்கள். நூலுக்கு மீன் பிடிக்கிறவர்கள் தூண்டில் நரம்பு கொடுத்தார்கள். விடுவது நானே விடுகிறேன் என்றேன். பாளையங்கோட்டையில் எங்கள் மொட்டைமாடியில் அண்ணன்மார்களோடு விட்டிருக்கிறேன். அது சிறிய பட்டம், இளங்காற்று.

முதல் பட்டம் எழும்பியதும் ஒரு சுற்றுச் சுற்றித் தலைகீழாக ஆற்றில் விழுந்தது. அதன் வால் போதவில்லை. இரண்டாவது அழகாக ஏறியது, பாதி வழியில் நரம்பு அறுந்து வயல்களைத் தாண்டிப் போய்விட்டது. என் விரல்கள் வெட்டுப்பட்டு ரத்தம் வந்தது. கூடி நின்றவர்களில் சிலர் மெதுவாக விலகிப் போனார்கள். எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அண்ணாச்சி மட்டும் மூன்றாவதற்கு மூங்கில் சீவிக்கொண்டிருந்தார். நரம்பை இரட்டையாக முறுக்கினோம். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டேன்.

மூன்றாவது பட்டம் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. ஆற்றைத் தாண்டி, அக்கரைத் தென்னைகளுக்கு மேலே போய் நின்று ஆடியது. நரம்பைத் தளர்த்தினேன். அது சரிந்து சரிந்து தென்னந்தோப்புக்குள் விழுந்தது. செல்லையன் ஓடினான். ஒரு மரத்தில் விறுவிறுவென்று ஏறினான். மட்டைகளுக்கு நடுவே கையை நீட்டி எதையோ பிடித்தான். என் கையிலிருந்த நரம்பு இரண்டு முறை சுண்டியது. ஆற்றின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவன் கை அங்கே இழுத்தது என் கையில் தெரிந்தது.

நரம்பின் முனையில் சணல் கயிற்றைக் கட்டினோம். அதன் முனையில் தாம்புக் கயிறு. அதற்குப் பிறகு ஒரு ஆள் பாரம் தாங்குகிற நீளமான வடம் வேண்டும். ஊரில் ஒன்றுதான் இருந்தது. தெப்பத் திருவிழாவில் தெப்பம் இழுக்கும் வடம். கோயிலுக்குள் பூட்டிக் கிடந்தது. தருமகர்த்தா கண்ணுசாமி பிள்ளை கூட்டத்தில்தான் நின்றார். சுவாமி தொட்ட வடம், இது தீட்டுக் காரியமாயிற்றே என்று இழுத்தார். யாரும் அவரை எதிர்த்துப் பேசவில்லை. நான் பேச வாய் திறந்தேன். அதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து அன்னக்கொடி கத்துவது காற்றில் வந்தது. கண்ணுசாமி பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மடியிலிருந்து சாவியை எடுத்து, வேறு யாரிடமும் கொடுக்காமல் தானே போனார். திரும்பி வந்தபோது வடத்தின் ஒரு பக்கத்தைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு வந்தார்.

அக்கரையில் செல்லையனும் ஓடிவந்த அந்த ஊர்க்காரர்களும் வடத்தை இழுத்துத் தென்னைமரத்தில் உயரே கட்டினார்கள். இந்தப் பக்கம் புளியமரம். இரும்புச் சட்டத்திலிருந்து கூட்டுக் கப்பியைக் கழற்றி மரத்தில் பூட்டி, வடத்தின் முனையை அதில் கோத்தோம். வடம் தளர்ந்தால் இழுத்து இறுக்கலாம். இன்னொரு தனிக் கப்பியை வடத்தின் மேல் ஓடவிட்டு, அதில் தலைமையாசிரியரின் கை வைத்த நாற்காலியைத் தொங்கவிட்டோம். நாற்காலிக்கு இரண்டு பக்கமும் இழுகயிறு. முதலில் மணல் மூட்டையை உட்கார வைத்து அனுப்பினோம். ஆடிக்கொண்டே போய்ச் சேர்ந்தது. அக்கரையில் மூட்டையை இறக்கினார்கள். நர்ஸ் எழுந்து வந்தார். சிலுவை போட்டுக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து பையைத் தலைமேல் வைத்துக்கொண்டார்.

சகாயமேரி மணல் மூட்டையைவிட நல்ல கனம் என்று அப்போதுதான் தெரிந்தது.

நடு ஆற்றுக்கு வந்ததும் வடம் தொய்ந்தது. அவர் கால் தண்ணீரில் பட்டது, பிறகு முழங்கால், பிறகு நாற்காலியே நனைந்தது. வெள்ளம் நாற்காலியைப் பக்கவாட்டில் இழுத்தது. மேற்கே பார்த்தேன். ஒரு பெரிய மரம் கிளையோடு உருண்டு உருண்டு வந்துகொண்டிருந்தது. இழுகயிற்றைப் பிடித்தவர்கள் இழுக்க இழுக்க நாற்காலி தண்ணீருக்குள்தான் போனது.

கப்பியை இழுங்கள் என்று கத்தினேன். யாருக்கும் புரியவில்லை. நானே போய்க் கூட்டுக் கப்பியின் கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். பக்கத்தில் அண்ணாச்சி. அவருக்குப் பின்னால் கண்ணுசாமி பிள்ளை. அவருக்குப் பின்னால் கீழத்தெருக்காரர்கள். கப்பிகள் கிரீச்சிட்டன. வடம் புளியமரத்தோடு சேர்ந்து முனகி, அங்குலம் அங்குலமாக இறுகியது. நாற்காலி மேலே எழுந்தது. வெள்ளைப் புடவையிலிருந்து தண்ணீர் கொட்டியது. மரம் அவர் காலடியில் கிளைகளால் நாற்காலியை உரசிக்கொண்டு கடந்து போனது. அந்தம்மா காலை மடக்கிக்கொண்டார். தலையிலிருந்த பையை விடவில்லை.

கரையில் இறக்கியதும் முழு ஊரும் ஒரே குரலாகக் கத்தியது. ஒரு பெண் ஓடிவந்து அவர் காலில் விழுந்தாள். நர்ஸ் அவளைத் தூக்கிவிட்டுவிட்டு, செருப்பு ஒன்று போய்விட்டதைப் பார்த்துவிட்டு, மற்றதையும் கழற்றி எறிந்தார்.

"எங்க அந்தப் புள்ள?"

அதற்கப்புறம் அவர்தான் எங்கள் எல்லோருக்கும் அதிகாரி. விறகெல்லாம் நனைந்து கிடந்தது. ஆவி இயந்திரத்தின் ஸ்பிரிட் அடுப்பைப் பற்றவைத்து, அதன் கொதிகலனிலேயே தண்ணீர் காய்ச்சினோம். கத்தரிக்கோலும் நூலும் அதில்தான் வெந்தன. பொழுது சாயும் முன்பே மேகம் கவிந்து வகுப்பறை இருட்டிவிட்டது. அரிக்கேன் விளக்கு காற்றில் நிற்கவில்லை. டைனமோவை வாசலில் வைத்துக் கம்பியை உள்ளே இழுத்தோம். அண்ணாச்சி சுற்றினார். அவர் கை ஓய்ந்ததும் அடுத்தவர், அடுத்தவர். பல்பைப் பிடிக்க ஒரு பெண் வேண்டும் என்றார் நர்ஸ். மாமியார் அன்னக்கொடியின் தலைமாட்டில் இருந்தார். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

உள்ளே போனேன். இரண்டு வருஷமாகப் பிரசவம் நடக்கும் எந்த வீட்டு வாசலையும் மிதித்ததில்லை. பல்பைப் பிடித்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே சுற்றுகிறவர் மாறும்போது வெளிச்சம் மங்கிப் பிறகு எரியும். அன்னக்கொடி என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். முதலில் பிள்ளையின் இடுப்பு, பிறகு கால்கள், பிறகு ஒரு கை, மற்றொரு கை. நர்ஸ் மெதுவாகப் பேசிக்கொண்டேயிருந்தார், பிள்ளையிடமா தாயிடமா என்று தெரியாதபடி. தலை வந்தது.

பிள்ளை அழவில்லை.

நீலம் பாய்ந்திருந்தது. எனக்கு அந்த நிறம் தெரியும். அந்தச் சத்தமின்மையும் தெரியும். பல்பை ஆட்டக்கூடாது என்று மட்டும் நினைத்தேன். நர்ஸ் அதன் வாயைத் துடைத்தார். முதுகைத் தேய்த்தார். குனிந்து அதன் வாயில் தன் வாயை வைத்து மெல்ல ஊதினார். மறுபடியும். மறுபடியும். வெளியே டைனமோவின் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது.

பிறகு பிள்ளை இருமியது. அப்புறம் அழுதது. ஒரு பூனைக்குட்டி போலத் தொடங்கி, வகுப்பறை நிறையும்படி அழுதது. பெண் குழந்தை. வெளியே டைனமோ நின்றுவிட்டது. எங்களுக்கு இருட்டில் சிரிப்புதான் கேட்டது. நர்ஸ் உள்ளிருந்து, "சுத்துங்கய்யா, இன்னும் வேலை இருக்கு" என்று அதட்டினார்.

மறுபடியும் வெளிச்சம் வந்தது. நர்ஸ் முடித்துக்கொள்ளும் வரை பல்பைப் பிடித்திருந்தேன்.

எல்லாம் முடிந்து அன்னக்கொடி பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அன்று பேருந்தில் கேட்டதற்கு நானாகத்தான் பதில் சொன்னேன்.

"ஒண்ணு. பொண்ணு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், நவம்பர் இருபத்தொம்பது. இது மாதிரி அழல."

அவள் ஒருக்களித்துத் திரும்பினாள். பிறகு பிள்ளையை எடுத்து என் மடியில் வைத்தாள். வைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 2

நன்றாகத் தூங்கினேன். அண்ணாச்சியின் குறட்டை கேட்கவேயில்லை. அவரிடம் சொன்னேன். தான் நேற்றுத் தூங்கவேயில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடுமோ என்று பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்.

செல்லையன் காலையில் நாற்காலியில் வந்தான். வந்ததும் பிள்ளையைப் பார்க்கவில்லை. நேராக அன்னக்கொடியிடம் போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

டிசம்பர் 4

வெயில். ஆறு இறங்கவில்லை. ஆனாலும் இப்போது இரண்டு கரைக்கும் வழி இருக்கிறது. அக்கரையிலிருந்து அரிசி வந்தது, உப்பு வந்தது, மண்ணெண்ணெய் வந்தது. இக்கரையிலிருந்து தோள் நழுவியவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். கண்ணுசாமி பிள்ளை வடத்துக்குக் காவல் நிற்கிறார். ஒரு ஆளுக்கு மேல் ஏறக்கூடாது என்று எல்லோரையும் விரட்டுகிறார்.

கண்காட்சியை மறுபடியும் திறந்தோம். அக்கரை ஊர்க்காரர்கள் அதைப் பார்ப்பதற்காகவே நாற்காலியில் வரிசையாக வந்தார்கள். எனக்கு வேலையே இல்லை. கீழத்தெருக்காரர்களே விளக்கம் சொன்னார்கள். பட்டத்தின் முன்னால் ஒருவர் சீனாவையும் அமெரிக்காவையும் தாண்டித் தாழங்கரைக்கு வந்து, என் வெட்டுப்பட்ட விரல்வரை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். டைனமோவின் முன்னால் நின்ற பெண்கள், தங்கள் தங்கள் வீட்டு ஆண்கள்தான் அதிக நேரம் சுற்றினார்கள் என்று சண்டை போட்டார்கள்.

டிசம்பர் 5

தபாலாபீஸ் தொலைபேசி உயிர் பெற்றது. பாளையங்கோட்டைக்கு டிரங்க் கால் போட்டேன். என் கணவர் ஜெயசீலன் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு. அவர் வந்து எடுத்தார். நான் பேசுவதற்குள் அவர், தாழங்கரையா, பத்திரமாக இருக்கிறாயா, பேப்பரில் பார்த்தேன் என்றார். நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று அவருக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் அருங்காட்சியகத்துக்குப் போன் செய்து கேட்டுக்கொள்வாராம்.

நிறையப் பேசினோம். தபாலாபீஸில் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பர் 8

வடக்குச் சாலையில் தண்ணீர் வடிந்தது. கிளம்பலாம் என்று பார்த்தால் பேருந்தின் பின் சக்கரம் இரண்டும் சேற்றில் புதைந்திருந்தன. அண்ணாச்சி எஞ்சினை முடுக்கினார், சக்கரம் சேற்றை வாரி அடித்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை. வந்துவிட்டார்கள். ஆண்கள் முன்னால் கயிறு பிடித்தார்கள், பெண்கள் பின்னால் கை வைத்தார்கள். நர்ஸ் சகாயமேரி வெறுங்காலோடு நடுவில் நின்று ஏலேலோ போட்டார். பேருந்து ஆடியது, சரிந்தது, பிறகு ஒரே தாவலில் சாலையில் ஏறி நின்றது. பின்னால் தள்ளிய அத்தனை பேரும் சேற்றில் விழுந்து எழுந்தார்கள். முகம் தெரியாத அந்தச் சேற்று உருவங்கள் எல்லாம் சிரித்தன.

கப்பிகளைக் கழற்றவில்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். புதுப் பாலம் வர வருஷம் ஆகும் அண்ணாச்சி, மேலிடத்தில் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். அவர் நாற்காலி தொங்கும் கொக்கியை ஒரு தடவை இழுத்துப் பார்த்து இறுக்கிவிட்டு வந்தார்.

டிசம்பர் 12, மன்னார்குடி

மேலிடத்தில் பேசினேன். கோபப்பட்டார்கள். கேட்டுக்கொண்டேன். ஆனால் கழற்றி வா என்று சொல்ல அவர்களுக்கும் வாய் வரவில்லை. நடந்ததைப் பேப்பரில் படித்திருக்கிறார்கள்.

இன்று நல்ல கூட்டம். இரும்புச் சட்டம் மட்டும் வெளியே வெறுமையாக நின்றது. அதன் முன்னால் நின்று வழக்கமான மனப்பாடத்தைத் தொடங்கினேன், கிரேக்க நாடு, கப்பல் என்று. வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல், கப்பி எங்கே என்று கேட்டது. தெரிந்த குரல். ஜெயசீலன் கையில் பையோடு, பஸ்ஸில் கசங்கிய சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். சற்றுத் தள்ளி அண்ணாச்சி எங்கோ பார்ப்பது போல நின்றார். எந்தத் தெருவில் பேருந்து நிற்கிறது என்று ஜெயசீலனுக்குச் சொன்னது யாரென்று எனக்குப் புரிந்தது.

கூட்டம் என் பதிலுக்குக் காத்திருந்தது.

"அது தாழங்கரையில வேலைக்குப் போயிருக்கு" என்றேன்.

சிரித்தார்கள். பிறகு மனப்பாடத்தை விட்டுவிட்டு அவர்களுக்கு அந்த ஆற்றைப் பற்றிச் சொன்னேன். காற்று எந்தப் பக்கம் வீசியது, முதல் பட்டம் எப்படி விழுந்தது, தருமகர்த்தா சாவியை எப்படி எடுத்தார், நர்ஸ் எப்படிச் செருப்பைக் கழற்றி எறிந்தார் என்று. பல்பு வரைக்கும் வந்தேன். அங்கே நிறுத்தவில்லை. பிள்ளை அழாமல் கிடந்ததையும் சொன்னேன், அது அழுததையும் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள், பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று கேட்டார்.

எனக்கு அதுவரை தெரியாது. அண்ணாச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார். கிளம்பும்போது செல்லையன் தன்னிடம் சொன்னதாகவும், நான் அழுதுவிடுவேன் என்று என்னிடம் மறைத்ததாகவும் சொன்னார்.

"சுகிர்தான்னு வச்சிருக்காங்க" என்றார்.

நான் அழவில்லை. ஜெயசீலன்தான் அழுதார். நான் அவர் கையிலிருந்த பையை வாங்கிப் பேருந்துக்குள் வைத்துவிட்டு, அவரை முன் படியில் ஏற்றி, நெருப்பிலிருந்து தொடங்கினேன்.